புதுச் சிறுநீரகத்துக்குப் போகும் குழாய் குறுகினால்?



சில மாதங்களுக்கு முன்பு படிவம் 4 உயிரியல் வகுப்பில் உடற்சமநிலைப் பாடத்தை நடத்தி முடித்தேன். மணி அடித்தது. எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். வழக்கமாக அதிகம் பேசாத மாணவி ஒருத்தி மட்டும் மேசையருகே வந்து நின்றாள்.

"டீச்சர், எங்கம்மாவுக்குப் போன வருஷம் சிறுநீரகம் மாத்தினாங்க. பெரியம்மாதான் குடுத்தாங்க. நல்லாத்தான் இருந்தாங்க. இப்ப பிரஷர் இறங்கவே மாட்டேங்குது. நாலு வகை மாத்திரை சாப்பிடுறாங்க. புதுச் சிறுநீரகத்துக்குப் போற இரத்தக் குழாய் குறுகியிருக்குன்னு டாக்டர் சொல்றாரு. குழாய் குறுகினா சிறுநீரகத்துக்குத்தானே கஷ்டம்? உடம்பு முழுக்க பிரஷர் ஏன் டீச்சர் ஏறுது?"

நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்ல நீங்கள் பள்ளியில் படிக்கும் உயிரியலும் வேண்டும், இயற்பியலும் வேண்டும். அன்று அவளிடம் பத்து நிமிடத்தில் சொன்னதை இந்த வாரம் உங்களுக்குச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பக்கத்தில் ஒரு பென்சிலும் தாளும் வைத்துக்கொள்ளுங்கள். சின்னச் சின்னக் கணக்குகள் வரும்.

மூன்றாவது சிறுநீரகம்

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்திக்கொள்வோம். 'சிறுநீரக மாற்று' என்றதும் பழைய சிறுநீரகத்தைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் புதியதைப் பொருத்துவார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. பழுதான இரண்டு சிறுநீரகங்களும் முதுகுப்புறத்தில் அப்படியே இருக்கும். தானமாக வந்த சிறுநீரகத்தை அடிவயிற்றின் ஒரு பக்கத்தில், இடுப்பெலும்புக்கு உட்புறமாக வைப்பார்கள். ஆகவே அந்தத் தாயின் உடலில் இப்போது மூன்று சிறுநீரகங்கள் இருக்கின்றன. ஆனால், வேலை செய்வது ஒன்றுதான். இந்த 'ஒன்று' என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதுவே முக்கியமாகப் போகிறது.

புதுச் சிறுநீரகத்துக்கு மூன்று இணைப்புகள் தேவை. இரத்தத்தைக் கொண்டுவரும் தமனியை, காலுக்குச் செல்லும் பெரிய இடுப்புத் தமனியோடு தைக்கிறார்கள். இரத்தத்தை வெளியே எடுத்துச் செல்லும் சிரையை அதன் அருகிலுள்ள இடுப்புச் சிரையோடு தைக்கிறார்கள். சிறுநீர்க்குழாயைச் சிறுநீர்ப்பையோடு இணைக்கிறார்கள். தமனியில் போட்டிருந்த கவ்வியை எடுத்ததும், வெளிறிக் கிடந்த சிறுநீரகம் சில விநாடிகளில் இளஞ்சிவப்பாகிவிடும். பல வேளைகளில் அறுவை மேசையிலேயே சிறுநீர் கசியத் தொடங்கும்.

நாம் ஓய்வாக இருக்கும்போது இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை இறைக்கிறது. அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 1 லிட்டர், சிறுநீரகங்களுக்கே போகிறது. உடல் எடையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத உறுப்புக்கு இவ்வளவு இரத்தமா? ஆம். சிறுநீரகம் தன் பசிக்காக மட்டும் இரத்தம் கேட்பதில்லை. வடிகட்டுவதற்காகக் கேட்கிறது. வடிகட்ட அளவும் வேண்டும், அழுத்தமும் வேண்டும். அதனால் வரும் குழாய் மிக முக்கியம்.

பூத்தையல் கற்ற மருத்துவர்

இரத்தக் குழாயைத் தைப்பது எளிதன்று. 1894ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டின் அதிபர் சாடி கார்னோ, லியோன் நகரில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். வயிற்றினுள் அறுபட்ட பெரிய இரத்தக் குழாயைத் தைக்கும் வழி அன்றைய மருத்துவர்களுக்குத் தெரியவில்லை. அந்த ஊரில் மருத்துவம் பயின்ற அலெக்சிஸ் கேரல் என்ற இளைஞரை இது உறுத்தியது. அவர் லியோன் நகரத்துப் பூத்தையல் பெண்மணி ஒருவரிடம் மெல்லிய ஊசியைக் கையாளக் கற்றுக்கொண்டார்.

அவர் கண்டுபிடித்த உத்தி எளிமையானது. வட்டமான குழாய் வாயின் விளிம்பில் மூன்று இடங்களில் நூல் போட்டு இழுத்துப் பிடித்தால், வட்டம் முக்கோணமாகிவிடும். வளைந்த விளிம்பைத் தைப்பதைவிட நேரான விளிம்பைத் தைப்பது சுலபம் அல்லவா? 1902இல் அவர் இந்த முறையை வெளியிட்டார். 1912இல் நோபல் பரிசு பெற்றார்.

முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றுக்கு உலகம் 1954 டிசம்பர் 23 வரை காத்திருந்தது. அமெரிக்காவின் போஸ்டன் நகரில் ஜோசப் மரே தலைமையிலான குழுவினர், ஒரே கருவில் பிறந்த இரட்டையர்களில் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தினார்கள். சிங்கப்பூரில் 1970இலும், மலேசியாவில் 1975 டிசம்பரில் கோலாலம்பூர் மருத்துவமனையிலும் முதல் சிறுநீரக மாற்றுகள் நடந்தன.

இன்று இந்த அறுவைச் சிகிச்சை பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது. ஆனாலும் தையல் போட்ட இடம் தையல் போட்ட இடம்தான். அங்கே தழும்பு தடிக்கலாம். தமனி கொஞ்சம் நீளமாக இருந்தால் தண்ணீர்க் குழாய் மடிவதைப் போல நெளியலாம். அறுவையின்போது போட்ட கவ்வி உட்சுவரைக் காயப்படுத்தியிருக்கலாம். கொடையாளரின் தமனியிலோ பெறுநரின் தமனியிலோ முன்பே கொழுப்புப் படிந்திருக்கலாம். காரணம் எதுவானாலும் விளைவு ஒன்றுதான்: குழாய் குறுகுகிறது. மாற்றுச் சிறுநீரகத்தின் இரத்தக் குழாய்களில் வரும் சிக்கல்களில் அதிகமாகக் காணப்படுவது இந்தத் தமனிக் குறுக்கமே. பெரும்பாலும் அறுவைக்குப் பின் 3 மாதத்திலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தலைகாட்டும்.

தாமானின் கடைசி வீடு

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். ஒரு தாமானைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கடைசி வீட்டுக்குப் போகும் குழாய் மட்டும் எங்கோ நசுங்கிவிட்டது. அந்த வீட்டில் தண்ணீர் நூலாக ஒழுகுகிறது. வீட்டுக்காரருக்குக் குழாய் நசுங்கியது தெரியாது. ஊர் முழுக்கவே தண்ணீர் அழுத்தம் குறைந்துவிட்டது என்று எண்ணி, தண்ணீர் இலாகாவுக்குத் தொலைபேசியில் புகார் செய்கிறார். இலாகாவும் அதை நம்பி, ஊர் முழுவதற்கும் அழுத்தத்தைக் கூட்டுகிறது. மற்ற வீடுகளில் குழாய்கள் விம்முகின்றன. கடைசி வீட்டில் மட்டும் தண்ணீர் கொஞ்சம் கூடியிருக்கிறது. வீட்டுக்காரர் மறுபடியும் புகார் செய்கிறார்.

அந்த வீட்டுக்காரர்தான் சிறுநீரகம். சிறுநீரகத்துக்குள் நுழையும் சிறு தமனிகளின் சுவரில் அழுத்தத்தை உணரும் உயிரணுக்கள் இருக்கின்றன. அங்கே அழுத்தம் குறைந்தால் அவை ரெனின் என்ற நொதியை இரத்தத்தில் விடுகின்றன. அதன் பிறகு நடப்பவற்றை வரிசையாகப் பாருங்கள்.

1. கல்லீரல் தயாரித்து இரத்தத்தில் விட்டிருக்கும் ஒரு புரதத்தை ரெனின் வெட்டி, ஆஞ்சியோடென்சின் 1 என்ற சிறு துண்டாக்குகிறது.

2. முக்கியமாக நுரையீரலின் இரத்தக் குழாய்களில் இருக்கும் இன்னொரு நொதி அதை மேலும் வெட்டி, ஆஞ்சியோடென்சின் 2 ஆக்குகிறது.

3. ஆஞ்சியோடென்சின் 2 உடல் முழுவதும் சிறு தமனிகளைச் சுருக்குகிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது.

4. அதே ஆஞ்சியோடென்சின் 2 அட்ரினல் சுரப்பியைத் தூண்டி, அல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கச் செய்கிறது. அந்த ஹார்மோன் சிறுநீரில் போக வேண்டிய உப்பைத் தடுத்து நிறுத்துகிறது. உப்போடு தண்ணீரும் தங்குகிறது. அழுத்தம் இன்னும் ஏறுகிறது.

இரத்தம் இழந்த ஒருவருக்கு இந்தச் சங்கிலி உயிர்காக்கும். குழாய் குறுகியவருக்கு இதுவே ஆபத்தாகிறது. இங்கே சிறுநீரகம் தவறு செய்யவில்லை. தன் வாசலில் கண்டதை அப்படியே சொல்கிறது. கோளாறு வாசலுக்கு முன்னால் இருக்கிறது.

இது வெறும் ஊகமன்று. அமெரிக்க மருத்துவர் ஹாரி கோல்ட்பிளாட், நாய்களின் சிறுநீரகத் தமனிகளைச் சிறு கவ்வியால் குறுக்கி, உடல் முழுவதும் இரத்த அழுத்தம் ஏறுவதைக் காட்டினார். 1934இல் வெளியான அந்த ஆய்வுக்குப் பிறகுதான் உயர் இரத்த அழுத்தத்துக்கும் சிறுநீரகத் தமனிக்கும் உள்ள தொடர்பு உறுதியானது.

ஒன்றே ஒன்று இருப்பவரின் சிக்கல்

இரண்டு நல்ல சிறுநீரகங்கள் உள்ள ஒருவருக்கு ஒரு பக்கத் தமனி மட்டும் குறுகினால், மறுபக்கச் சிறுநீரகம் கூடுதல் உப்பையும் நீரையும் வெளியேற்றி ஓரளவு சமாளிக்கும். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவருக்கு அந்தத் துணை இல்லை. உப்பும் நீரும் உடலிலேயே தங்கிவிடுகின்றன. கால் வீங்கும். எடை ஏறும். மோசமானால் திடீரென்று நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும்.

இங்கே இன்னொரு பொறி இருக்கிறது. உயர் இரத்த அழுத்தத்துக்குத் தரும் மருந்துகளில் ஒரு வகை, மேலே சொன்ன 2ஆம் படியைத் தடுப்பது. 'ஏஸ் தடுப்பான்' என்று அதற்குப் பெயர். பலருக்கு அது மிக நல்ல மருந்து. ஆனால், தமனி குறுகிய ஒற்றைச் சிறுநீரகத்தில் என்ன நடக்கும் என்று யோசியுங்கள்.

சிறுநீரகத்தின் வடிகட்டி குளோமெருலஸ். அதற்கு உள்ளே வரும் வழியும் உண்டு, வெளியேறும் வழியும் உண்டு. உள்வரும் அழுத்தம் குறைவாக இருக்கும்போது, ஆஞ்சியோடென்சின் 2 வெளியேறும் வழியைச் சற்று இறுக்கிப் பிடித்து, வடிகட்டிக்குள் அழுத்தம் விழாமல் காக்கிறது. தோட்டக் குழாயின் முனையை விரலால் அழுத்தினால் உள்ளே அழுத்தம் நிற்கிறதே, அதுபோல. மருந்து அந்த விரலை எடுத்துவிடுகிறது. வடிகட்டும் வேகம் சட்டென்று விழுகிறது. இரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவு ஏறுகிறது.

எனவே, ஏஸ் தடுப்பான் தொடங்கியதும் கிரியாட்டினின் எகிறினால், 'தமனி குறுகியிருக்குமோ' என்று மருத்துவர் சந்தேகிப்பார். வீட்டுக்காரரின் தொலைபேசியைப் பிடுங்கிவிட்டால் புகார் நின்றுவிடும். தண்ணீர் வந்துவிடாது. நசுங்கிய குழாயைச் சரிசெய்ய வேண்டும். இன்றைய பாடத்தின் சாரம் இதுதான்.

குற்றவாளி யார்?

கிரியாட்டினின் ஏறினால் அதற்குக் காரணம் குழாய்தான் என்று உடனே முடிவு செய்ய முடியாது. உடலின் எதிர்ப்பாற்றல் புதுச் சிறுநீரகத்தைத் தாக்கத் தொடங்கியிருக்கலாம். அந்தத் தாக்குதலைத் தடுக்கத் தரும் மருந்துகளே சிறுநீரகத்தின் சிறு தமனிகளைச் சுருக்கி, அழுத்தத்தையும் கிரியாட்டினினையும் ஏற்றலாம். சிறுநீர்க்குழாய் அடைபட்டிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. ஆகவே முதலில் குற்றவாளியைக் கண்டுபிடிக்க வேண்டும்.

மருத்துவர் அடிவயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்பார். குறுகிய இடத்தில் இரத்தம் சுழித்து ஓடும்போது 'உஷ்... உஷ்...' என்ற இரைச்சல் கேட்கலாம். இது ஒரு தடயம் மட்டுமே. குறுக்கம் இல்லாதவர்களுக்கும் சில வேளை அந்த ஒலி கேட்பதுண்டு. அடுத்து வருவது டாப்ளர் அல்ட்ராசவுண்ட்.

ஆம்புலன்ஸ் நெருங்கி வரும்போது அதன் ஒலி கீச்சென்றும், கடந்து போகும்போது கனத்தும் கேட்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆஸ்திரியாவின் கிறிஸ்டியன் டாப்ளர் 1842இல் விளக்கிய விளைவு அது. அல்ட்ராசவுண்ட் கருவி உடலுக்குள் ஒலியை அனுப்புகிறது. ஓடும் சிவப்பணுக்களில் பட்டு அது திரும்பி வருகிறது. திரும்பும் ஒலியின் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதைக் கொண்டு இரத்தத்தின் வேகத்தைக் கணக்கிடுகிறார்கள்.

இதோ முதல் கணக்கு. அனுப்பும் ஒலி 30 இலட்சம் ஹெர்ட்ஸ். உடல் திசுவில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 1,540 மீட்டர். இரத்தத்தின் வேகம் விநாடிக்கு 1 மீட்டர். ஒலிக்கற்றைக்கும் இரத்த ஓட்டத்துக்கும் இடையே 60 பாகைக் கோணம். கோசைன் 60 என்பது 0.5.

அதிர்வெண் மாற்றம் = 2 × 30,00,000 × 1 × 0.5 ÷ 1,540 = ஏறக்குறைய 1,950 ஹெர்ட்ஸ்

மனிதக் காது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அனுப்பிய ஒலியை நம்மால் கேட்க முடியாது. ஆனால், அந்த மாற்றத்தை ஒலிபெருக்கியில் போட்டால் நம் காதுக்கே கேட்கும்! ஸ்கேன் அறையில் இதயத் துடிப்போடு சேர்ந்து 'விஷ்க்... விஷ்க்...' என்று கேட்பது அதுதான்.

சரி, வேகத்தை ஏன் அளக்க வேண்டும்? ஆறு குறுகும் இடத்தில் தண்ணீர் வேகமாக ஓடும். அதே விதி இங்கும் பொருந்தும். 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள தமனியின் உட்பரப்பு சுமார் 28 சதுர மில்லிமீட்டர். விட்டம் 3 மில்லிமீட்டராகக் குறைந்தால் பரப்பு சுமார் 7. பரப்பு நான்கில் ஒன்றாகிவிட்டது. அதே அளவு இரத்தம் கடக்க வேண்டுமானால் வேகம் நான்கு மடங்காக வேண்டும். விநாடிக்கு 0.6 மீட்டர் வேகத்தில் ஓடிய இரத்தம் 2.4 மீட்டர் வேகத்தில் பீய்ச்சி அடிக்கும். மாற்றுச் சிறுநீரகத் தமனியில் உச்ச வேகம் விநாடிக்கு 2 முதல் 2.5 மீட்டரைத் தாண்டினால் பொதுவாக மருத்துவர்கள் குறுக்கத்தைச் சந்தேகிக்கிறார்கள். வேகம் என்ற ஒரே எண்ணை நம்பாமல், சிறுநீரகத்துக்குள் ஓடும் அலையின் வடிவத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

பாதி ஆரம், பதினாறில் ஒரு பங்கு

இரண்டாவது கணக்கு இன்னும் வியப்பானது. ஒரே அழுத்தத்தில் நீண்ட குழாய் ஒன்றின் வழியே சீராக ஓடும் திரவத்தின் அளவு, அந்தக் குழாயின் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆரம் பாதியானால் ஓட்டம் பாதியாவதில்லை. ½ × ½ × ½ × ½ = 1/16. பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஆரம் 10 விழுக்காடு குறைந்தாலே ஓட்டம் சுமார் 34 விழுக்காடு குறைந்துவிடும். 0.9ஐ நான்கு முறை பெருக்கிப் பாருங்கள்.

உண்மைத் தமனியில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. குறுகிய பகுதி சிறியது. சிறுநீரகமும் தன் உள்ளே இருக்கும் சிறு தமனிகளைத் தளர்த்தி ஈடுகட்டும். அதனால் விட்டம் பாதி குறைந்த பிறகும் மொத்த ஓட்டம் பல வேளைகளில் பெரிதாகக் குறைவதில்லை. ஆனால், சமாளிக்கும் எல்லையைத் தாண்டிவிட்டால், அதன் பிறகு குறையும் ஒவ்வொரு அரை மில்லிமீட்டரும் பெரிய இழப்பு. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். குறுகிய இடத்தைச் சில மில்லிமீட்டர் விரித்தாலே போதும், பெரிய இலாபம். சிகிச்சையின் அடிப்படை இதுதான்.

சமையலறையில் பிறந்த பலூன்

குறுக்கம் சிறிதாக இருந்து, அழுத்தம் மருந்துக்குக் கட்டுப்பட்டு, சிறுநீரகமும் நன்றாக வேலை செய்தால் மருத்துவர்கள் அவசரப்படுவதில்லை. மருந்து கொடுத்து, அடிக்கடி ஸ்கேன் எடுத்துக் கவனிப்பார்கள். அழுத்தம் அடங்கவில்லை, கிரியாட்டினின் ஏறுகிறது, நுரையீரலில் நீர் கோக்கிறது என்றால்தான் குழாயைத் திறக்கும் முடிவுக்கு வருவார்கள்.

ஜெர்மனியில் பிறந்த ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் என்ற மருத்துவர், சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் தம் வீட்டுச் சமையலறை மேசையில் பலூன் குழாய்களைச் செய்து பார்த்தார். 1977 செப்டம்பரில் அதைக் கொண்டு ஒருவரின் இதயத் தமனியை விரித்தார். அடுத்த ஆண்டே குறுகிய சிறுநீரகத் தமனியை அதே முறையில் விரித்ததைப் பற்றி அவர் குழு எழுதியது. இன்று மாற்றுச் சிறுநீரகத்துக்கும் இதுவே முதன்மையான வழி.

நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொடை இடுக்கில் தோலை மட்டும் மரத்துப்போகச் செய்கிறார்கள். அங்குள்ள தமனிக்குள் ஒரு மெல்லிய குழாயை நுழைத்து, எக்ஸ்ரே படத்தைப் பார்த்தபடியே புதுச் சிறுநீரகத்தின் தமனி வரை கொண்டுபோகிறார்கள். எக்ஸ்ரேயில் தெரியும் ஒரு சாய மருந்தைச் செலுத்தினால் குறுகிய இடம் திரையில் தெளிவாகத் தெரியும். அந்தச் சாயம் சிறுநீரகத்துக்குச் சுமையாகலாம் என்பதால் முடிந்தவரை குறைவாகப் பயன்படுத்துவார்கள். சில வேளை சாயத்துக்குப் பதிலாகக் கரியமில வாயுவைச் செலுத்துவதும் உண்டு. வாயு இரத்தத்தைத் தள்ளிவிட்டுக் குழாயின் வடிவத்தைக் காட்டும். பிறகு இரத்தத்தில் கரைந்து, நுரையீரல் வழியே மூச்சோடு போய்விடும்.

அடுத்து, முடிபோன்ற ஒரு கம்பி குறுகிய இடத்தைக் கடக்கிறது. கம்பியின் மேல் சுருங்கிய பலூன் வழுக்கிச் செல்கிறது. அதை விரித்ததும் தமனியின் சுவர் விலகுகிறது. பலூனை எடுத்ததும் சுவர் மீண்டும் சுருங்காதிருக்க, ஸ்டென்ட் எனப்படும் உலோக வலைக்குழாய் ஒன்றை அங்கேயே விட்டுவிடுவதும் உண்டு. குறுக்கத்துக்கு முன்னும் பின்னும் அழுத்தத்தை அளந்து, வித்தியாசம் மறைந்ததா என்று சரிபார்க்கலாம். நோயாளி பெரும்பாலும் விழித்திருப்பார்.

வெற்றி பெறுபவர்கள் அதிகம். ஆனால், ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. இரத்தம் கசியலாம். தமனிச் சுவர் கிழியலாம். சில மாதங்களில் அதே இடம் மீண்டும் குறுகலாம். அதனால் பிறகும் டாப்ளர் பரிசோதனை தொடரும். ஸ்டென்ட்டில் இரத்தம் உறையாதிருக்க மாத்திரையும் தேவைப்படும். பலூன் போக முடியாத அளவுக்குத் தமனி நெளிந்திருந்தால் மறுபடியும் அறுவைச் சிகிச்சைதான் வழி. தழும்பு சூழ்ந்த இடத்தில் அது கடினமானது. சிறுநீரகத்தையே இழக்கும் அபாயமும் உண்டு.

காத்திருக்க முடியாத அடைப்பு

குறுக்கம் மெல்ல வளரும். ஆனால், தமனியில் இரத்தம் உறைந்து முழுதாக அடைத்துக்கொண்டால் நிலைமை வேறு. இது அரிது. வந்தால் பெரும்பாலும் அறுவை முடிந்த முதல் சில நாள்களில் வரும். நன்றாகப் போய்க்கொண்டிருந்த சிறுநீர் திடீரென்று நின்றுவிடும்.

நம் உடலோடு பிறந்த சிறுநீரகத்துக்குச் சுற்றியுள்ள திசுக்களிலிருந்து சின்னச் சின்னப் பக்கவழிக் குழாய்கள் கிடைக்கக்கூடும். புதிதாக வைத்த சிறுநீரகத்துக்கு அவை இல்லை. தைத்த தமனிதான் ஒரே வழி. தானமாக வரும் சிறுநீரகத்தைக் குளிரூட்டும் கரைசலில், சுமார் 4 டிகிரி செல்சியசில், பல மணி நேரம் பாதுகாக்கிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். குளிரில் உயிரணுக்களின் நொதிகள் மெதுவாக வேலை செய்வதால் ஆக்சிஜன் தேவை குறைகிறது. 37 டிகிரியில் தேவை முழுமையாக இருக்கிறது. இரத்தம் இல்லாமல் ஒரு மணி நேரம் கடந்தாலே கடும் பாதிப்புதான். எனவே உடனே அறுவை அறைக்குக் கொண்டுபோய், தமனியைத் திறந்து உறைவை எடுக்க முயல்வார்கள். அப்படியும் பல வேளைகளில் சிறுநீரகத்தைக் காப்பாற்ற முடிவதில்லை. இதனால்தான் முதல் நாள்களில் தாதியர் மணிக்கு மணி சிறுநீரை அளக்கிறார்கள். அது வெறும் சடங்கன்று.

வேறொரு சிக்கலும் உண்டு. சிறுநீரகத்திலிருந்து ஊசியால் சிறு திசு எடுத்துச் சோதிக்கும்போது, அருகருகே உள்ள தமனியும் சிரையும் துளைபட்டு ஒன்றோடொன்று இணைந்துவிடலாம். இரத்தம் வடிகட்டிக்குப் போகாமல் குறுக்குவழியில் ஓடிவிடும். இவற்றில் பெரும்பாலானவை தாமாகவே மூடிக்கொள்ளும். மூடாமல் தொல்லை தந்தால், மெல்லிய குழாய் வழியே சின்ன உலோகச் சுருளைக் கொண்டுபோய் அந்த இடத்தை மட்டும் அடைப்பார்கள். கவனித்தீர்களா? ஒரு சிக்கலுக்குக் குழாயைத் திறக்கிறார்கள். இன்னொன்றுக்குக் குழாயை அடைக்கிறார்கள். நோக்கம் ஒன்றுதான்: இரத்தம் வடிகட்டிக்குப் போய்ச் சேர வேண்டும்.

அந்த மாணவியின் அம்மா

அவருக்குப் பலூன் சிகிச்சை செய்து ஸ்டென்ட் வைத்தார்கள். சில வாரங்களில் நான்கு வகை மாத்திரை இரண்டானது. அழுத்தம் முழுதும் மறைந்துவிடவில்லை. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகள் தொடர்வதால் அது எதிர்பார்க்கக்கூடியதே. கால் வீக்கம் வடிந்தது. இப்போது அந்த மாணவிதான் காலையும் மாலையும் அம்மாவின் அழுத்தத்தை அளந்து நோட்டில் எழுதுகிறாள். "டீச்சர், இந்த நோட்டைப் பார்த்துத்தான் டாக்டர் முதல்ல சந்தேகப்பட்டாராம்," என்று சொன்னபோது அவள் முகத்தில் ஒரு நிமிர்வு தெரிந்தது.

உங்கள் வீட்டிலோ உறவிலோ சிறுநீரக மாற்றுப் பெற்றவர் இருந்தால் நீங்களும் உதவலாம். அழுத்தம் முன்பைவிடத் தொடர்ந்து ஏறுவது, இரண்டு மூன்று நாளில் எடை கூடுவது, கால் வீங்குவது, சிறுநீர் குறைவது, புதுச் சிறுநீரகம் உள்ள இடத்தில் வலிப்பது ஆகியவற்றைக் கண்டால், அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள். மூச்சுத் திணறலோ சிறுநீர் நின்றுபோவதோ அவசரநிலை. மாத்திரையைத் தாமாக நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

சிந்தித்துப் பாருங்கள்

1. ஒரு தமனியின் விட்டம் 6 மில்லிமீட்டரிலிருந்து 2 மில்லிமீட்டராகக் குறைகிறது. அதே அளவு இரத்தம் கடக்க வேண்டுமானால் வேகம் எத்தனை மடங்காக வேண்டும்?

2. டாப்ளர் கணக்கில் இரத்தத்தின் வேகம் விநாடிக்கு 3 மீட்டர் என்றால் அதிர்வெண் மாற்றம் எவ்வளவு? ஒலி கனமாகக் கேட்குமா, கீச்சென்று கேட்குமா?

3. இரண்டு நல்ல சிறுநீரகங்கள் உள்ளவருக்கு ஒரு தமனி மட்டும் குறுகியிருக்கிறது. ஏஸ் தடுப்பான் கொடுத்தால், மாற்றுச் சிறுநீரகம் பெற்றவருக்கு ஏறுவதைப் போலக் கிரியாட்டினின் ஏறுவதில்லை. ஏன்?

விடைகள்: 1) 9 மடங்கு. 2) ஏறக்குறைய 5,840 ஹெர்ட்ஸ், கீச்சென்று கேட்கும். 3) குறுகாத பக்கத்துச் சிறுநீரகம் தொடர்ந்து வடிகட்டிக் கழிவை வெளியேற்றிவிடும். ஒன்றே ஒன்று இருப்பவருக்கு அந்தத் துணை இல்லை.